மண்டபச் செலவு ஒருவர் தலையில், மொய் இன்னொருவர் பையில்

கேள்வி இதுதான்: "உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்துகிற நாட்டுக்கு ஃபிஃபா பணம் கொடுக்குமா, இல்லை நாடுதான் ஃபிஃபாவுக்குக் கொடுக்குமா? ஃபிஃபா ஒரு தனியார் சங்கம் என்கிறார்கள். அப்படியென்றால் அரசுகள் ஏன் வரிப்பணத்தைக் கொட்டுகின்றன? கொட்டிய பிறகு கணக்குக் கேட்க முடியாதா?"

நான் பல வருடம் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவன். மேட்ச் பார்ப்பேன், ஆனால் மேட்ச் முடிந்த பிறகு வரும் நிதியறிக்கைதான் எனக்கு இன்னும் சுவாரசியம். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

பணம் இரண்டு பக்கமும் போகும். ஆனால் வரும் வழியும் அளவும் வேறு வேறு. ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம், பந்தல், சீரியல் லைட், சாப்பாடு, வாசலில் போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் ஒரு வீட்டார் செலவு. மொய் எழுதும் மேஜையில் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் மொய்ப்பணத்தை எண்ணி முடித்து, "சமையல் செலவுக்கு இது போதும், வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு கிளம்புகிறார். அதற்கு வரியும் கிடையாது, ஏனென்றால் வரி கேட்க மாட்டோம் என்று வீட்டார் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உலகக் கோப்பையின் நிதி ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஃபிஃபா என்பது என்ன? 1904-ல் பாரிஸில் ஆரம்பித்தது, 1932-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுவிஸ் குடிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின் கீழ் அது ஒரு சங்கம். ஒரு கிராமத்துப் பாட்டுக் குழுவும் அதே பிரிவில்தான் வரும். அந்தச் சங்கத்தின் 2019 முதல் 2022 வரையிலான நான்கு வருட வருமானம் 757 கோடி டாலர். 2022 முடிவில் கையிருப்பு மட்டும் ஏறக்குறைய 400 கோடி டாலர். லாப நோக்கமற்ற அமைப்பு என்பதால் இதற்கு லாபம் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

இனி ஒரு போட்டியின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். பிரேசில் 2014-ஐ எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் வரவு செலவு ஃபிஃபாவின் அறிக்கையிலேயே தெளிவாக இருக்கிறது. வரவு ஏறக்குறைய 482 கோடி டாலர். இதில் டிவி உரிமை 242 கோடி, ஸ்பான்சர் ஒப்பந்தங்கள் 158 கோடி, டிக்கெட் 52.7 கோடி. செலவு 222 கோடி. அந்தச் செலவுக்குள் அணிகளுக்கான பரிசுப்பணம் 35.8 கோடி, பிரேசில் அமைப்புக் குழுவுக்குக் கொடுத்தது 45.3 கோடி. ஒரே ஒரு போட்டியில் மிச்சம் 260 கோடி டாலர்.

செலவுப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று தேடுவது எங்கள் தொழில் பழக்கம். ஸ்டேடியம் கட்டிய செலவு இல்லை. விமான நிலையம் விரிவாக்கியது இல்லை. பேருந்துத் தடம் போட்டது இல்லை. தெருவில் நின்ற போலீஸ்காரரின் சம்பளம் இல்லை. இவை இல்லாமல் போட்டி நடக்காது, ஆனால் இவை ஃபிஃபாவின் கணக்கில் ஏறாது. எல்லாம் பிரேசில் அரசின், மாநிலங்களின், நகராட்சிகளின் கணக்கில் ஏறியவை.

அந்த டிக்கெட் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 2006-ல் ஜெர்மனி நடத்தியபோது டிக்கெட் வருமானம் உள்ளூர் அமைப்புக் குழுவின் கைக்குத்தான் போனது. அதனால்தான் வரிக்கு முன்னால் 15 கோடி யூரோவுக்கு மேல் அவர்களுக்கு மிஞ்சியது. எட்டே வருடத்தில் அந்த வருமானமும் சூரிச் கணக்குக்கு மாறிவிட்டது. 2026 போட்டிக்கு வழக்கமான உள்ளூர் அமைப்புக் குழு என்ற ஒன்றே இல்லை, ஃபிஃபாவே நேராக நடத்துகிற ஏற்பாடு. "நாடு நடத்துகிறது" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் நாட்டின் கையில் மிஞ்சியது இடமும் செலவும்தான்.

சரி, ஒரு அரசு இதற்கு எப்படி ஒத்துக்கொள்கிறது? இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு காகிதம் வருகிறது. அரசு உத்தரவாதம்.

ஒரு நாடு உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்புக்குப் போட்டியிடும்போதே, அதாவது வாக்கெடுப்புக்கு முன்னாலேயே, அந்த நாட்டு அரசு சில உறுதிமொழிகளில் கையெழுத்துப் போட வேண்டும். பிரேசிலிடம் கேட்கப்பட்டவை 11. ஃபிஃபாவுக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் வரி, சுங்கம் விலக்கு. எந்தத் தடையும் இல்லாமல் பணத்தை உள்ளே கொண்டுவரவும் வெளியே எடுத்துப் போகவும் அனுமதி. விசா, வேலை அனுமதி. பாதுகாப்புச் செலவு முழுக்க அரசுடையது. ஸ்பான்சர்களின் வர்த்தக உரிமையைக் காக்கத் தனி ஏற்பாடு. ஏதாவது தப்பானால் நஷ்டஈட்டுப் பொறுப்பு. இவற்றுக்குத் தேவையான சட்டங்களைப் பிற்பாடு இயற்றித் தருவோம் என்ற வாக்கும் அதில் சேர்த்தி. நாடாளுமன்றம் இன்னும் பார்க்காத சட்டத்துக்கு அமைச்சர்கள் முன்பணம் கொடுப்பது மாதிரி.

பிரேசிலில் அந்த வாக்கு 2012 ஜூனில் "உலகக் கோப்பைப் பொதுச் சட்டம்" என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அதில் இரண்டு விஷயம் எனக்கு மறக்காது. ஒன்று பீர். ரசிகர் சண்டைகளில் ஆட்கள் செத்ததால் பிரேசில் ஸ்டேடியங்களில் மதுவை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஃபிஃபாவின் ஸ்பான்சர் ஒரு பீர் கம்பெனி. ஃபிஃபாவின் பொதுச் செயலாளர் ஜெரோம் வால்கே 2012 ஜனவரியில் பிரேசிலுக்கே வந்து, மது விற்பனை உலகக் கோப்பையின் ஒரு அங்கம், இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் வளைந்தது. இன்னொன்று 23-ஆம் பிரிவு. போட்டி தொடர்பான பாதுகாப்பு அசம்பாவிதம் எதுவானாலும், ஃபிஃபாவுக்கு வரும் நஷ்டத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்றது அது. இதை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மே மாதம், போட்டி தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

சால்வடார் நகரத்தில் நடந்தது இன்னும் கண்ணுக்குத் தெரியக்கூடியது. அங்கே வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் கட்டிய பெண்கள் அகராஜே விற்பார்கள். காராமணியை அரைத்து, உருட்டி, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் வடை. பிளந்து உள்ளே இறால் வைத்துத் தருவார்கள். அந்த ஊர் ஸ்டேடியத்தில் கால்பந்து என்றால் அகராஜே என்றுதான் பழக்கம். ஆனால் ஸ்டேடியத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஸ்பான்சர்களின் சரக்குதான் விற்கலாம் என்பது ஃபிஃபா விதி. ஸ்பான்சரில் ஒன்று பர்கர் கம்பெனி. பெண்கள் கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள், கடைசியில் ஒரு சிலருக்கு விற்க அனுமதி கிடைத்தது. ஊர்ப் பணத்தில் எழுப்பிய மைதானத்தில் வடை விற்க, ஊர்க்காரர்கள் வெளிநாட்டுச் சங்கத்திடம் மனு கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்டேடியங்களுக்கு வருவோம். 2007-ல் பிரேசிலுக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, ஸ்டேடியங்களைத் தனியார் பணத்திலேயே கட்டிவிடலாம் என்று அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ரிக்கார்டோ டெக்சேரா சொன்னார். கடைசியில் 12 ஸ்டேடியங்களுக்கு ஆன செலவு 800 கோடி ரியாலை (பிரேசில் நாணயம்) தாண்டியது. பெரும்பங்கு அரசு வளர்ச்சி வங்கியின் கடன், மாநில அரசுகளின் பணம்.

அமேசான் காட்டுக்கு நடுவே மானாஸ் நகரத்தில் ஒன்று கட்டினார்கள். இரும்புச் சட்டங்கள் போர்ச்சுகலிலிருந்து கப்பலேறி, கடல் தாண்டி, அமேசான் ஆற்றுக்குள் ஏறி வந்தன. நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கை, நான்கே நான்கு ஆட்டம். அப்போது மானாஸ் நகரத்தின் எந்த அணியும் நாட்டின் முதல் டிவிஷனில் இல்லை. தலைநகர் பிரசீலியாவின் மானே கரிஞ்சா ஸ்டேடியம் இன்னும் மோசம். அரசு நில நிறுவனத்தின் பணத்தில் கட்டியது, செலவு 140 கோடி ரியாலுக்கு மேல். அங்கேயும் பெரிய கிளப் கிடையாது. போட்டி முடிந்த அடுத்த வருடமே அதன் பார்க்கிங் இடத்தில் நகரப் பேருந்துகளை நிறுத்தினார்கள். வாடகை மிச்சம் பிடிக்கச் சில அரசு அலுவலகங்களை ஸ்டேடியத்துக்குள்ளேயே குடியேற்றினார்கள். 2017 மே மாதம் அந்தக் கட்டுமானம் தொடர்பான ஊழல் விசாரணையில் இரண்டு முன்னாள் ஆளுநர்களை (நம் ஊர் முதலமைச்சர் மாதிரியான பதவி) போலீஸ் கைது செய்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 12 நகரம் வேண்டும் என்று அடம் பிடித்தது ஃபிஃபா இல்லை. எட்டு, பத்து இருந்தால் அவர்களுக்குப் போதும். ஒவ்வொரு மாநில ஆளுநரும் தன் ஊருக்கு ஒரு ஆட்டம் வேண்டும் என்று நின்றதால் பட்டியல் நீண்டது. பயனில்லாமல் செலவு மட்டும் வைக்கும் இந்த வெள்ளை யானைகளை வாங்கியதில் உள்ளூர் அரசியல்வாதிகளின் பங்கு பெரியது. ஃபிஃபாவைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள்.

2013 ஜூனில் சாவோ பாலோவில் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் நாடு முழுக்கப் பரவியபோது, மக்கள் தூக்கிய அட்டைகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: ஃபிஃபா தரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், ஃபிஃபா தரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும். எந்தத் தணிக்கை அறிக்கையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. போட்டிக்குப் பிறகு, 2015 ஜனவரியில், பிரேசில் கால்பந்து வளர்ச்சிக்கு என்று ஃபிஃபா 10 கோடி டாலர் அறிவித்தது. மிச்சம் 260 கோடி என்று மேலே பார்த்தோம். அறிவித்த நான்காம் மாதம், பிரேசில் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் ஜோசே மரியா மரின் ஊழல் வழக்கில் சூரிச் ஹோட்டலில் கைதானார்.

தென்னாப்பிரிக்கா 2010 கதை இதற்கு முந்தையது, ஆனால் பணம் போகும் வழியைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

கேப் டவுனில் முதலில் பேசப்பட்டது புது ஸ்டேடியம் இல்லை. ஆத்லோன் என்ற, கால்பந்து ரசிகர்கள் நிறைந்த சாதாரணப் பகுதியில் ஏற்கெனவே இருந்த மைதானத்தை மேம்படுத்தலாம் என்ற யோசனை இருந்தது. கடைசியில் கடலோரத்தில், டேபிள் மலை பின்னணியில் தெரியும் கிரீன் பாயின்ட்டில் 440 கோடி ராண்ட் செலவில் புதிதாகவே கட்டினார்கள். டிவியில் அழகாகத்தான் இருந்தது. முப்பது வருடம் அதைக் குத்தகைக்கு நடத்துவதாக இருந்த கம்பெனிகளின் கூட்டணி, போட்டி முடிந்து மூன்றே மாதத்தில், 2010 அக்டோபரில், நஷ்டம்தான் வரும் என்று கணக்குப் போட்டு விலகிக்கொண்டது. ஸ்டேடியம் நகராட்சி மடியில் வந்து விழுந்தது.

கட்டியவர்கள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பெரிய கட்டுமானக் கம்பெனிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு டெண்டர் போட்டதாக, வர்த்தகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் கண்டுபிடித்தது. உலகக் கோப்பை ஸ்டேடியங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2013-ல் 15 கம்பெனிகள் சேர்ந்து 146 கோடி ராண்ட் அபராதம் கட்டச் சம்மதித்தன. கெடு தேதி கல்லில் பொறித்த மாதிரி இருக்கும் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் சொன்னதுதான் விலை. தள்ளிப்போட முடியாத கல்யாணத்துக்குச் சமையல்காரர் கேட்கும் ரேட் மாதிரி.

உத்தரவாதம் அங்கே எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு காட்சி. 2010 ஜூன் 14, சாக்கர் சிட்டி ஸ்டேடியம், நெதர்லாந்து - டென்மார்க் ஆட்டம். ஆரஞ்சு நிறக் குட்டை கவுன் போட்ட 36 பெண்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கவுனில் கம்பெனிப் பெயர் கண்ணில் படும்படி எங்கும் இல்லை. ஆனால் அது பவாரியா என்ற டச்சு பீர் கம்பெனி பீரோடு சேர்த்துக் கொடுத்த கவுன் என்று ஃபிஃபா அடையாளம் கண்டுகொண்டது. அதிகாரபூர்வ பீர் வேறு கம்பெனியுடையது. பெண்களை வெளியேற்றினார்கள். இரண்டு டச்சுப் பெண்களைப் போலீஸ் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஒவ்வொருவருக்கும் 10,000 ராண்ட் ஜாமீன். அந்தப் போலீஸ், அந்த வழக்கறிஞர், உலகக் கோப்பைக்கென்றே அமைத்த அந்தச் சிறப்பு நீதிமன்றம் எல்லாமே தென்னாப்பிரிக்க வரிப்பணம். காப்பாற்றியது ஒரு அமெரிக்க பீர் பிராண்டின் விளம்பர உரிமையை. பிறகு ஃபிஃபாவும் பவாரியாவும் சமரசமாகிவிட, வழக்கு கைவிடப்பட்டது.

இனி அந்த ஒரு கோடி டாலர். 2008 தொடக்கத்தில் ஃபிஃபாவின் கணக்கிலிருந்து மூன்று தவணையாக ஒரு கோடி டாலர், வட மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பான கான்ககாஃபின் தலைவர் ஜாக் வார்னரின் கட்டுப்பாட்டில் இருந்த கணக்குகளுக்குப் போனது. பெயர், "ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் மரபுத் திட்டம்". அந்தப் பணத்தை எங்கள் அமைப்புக் குழுவுக்கு நீங்கள் தரவேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டு வார்னரின் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள் என்று தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத் தலைவரின் 2008 மார்ச் 4 தேதியிட்ட கடிதம் ஃபிஃபாவிடம் இருந்தது. 2015 மே 27 அன்று சூரிச்சின் பௌர் ஓ லாக் ஹோட்டலில் விடியற்காலையில் ஃபிஃபா நிர்வாகிகள் கைதானபோது வெளியான அமெரிக்கக் குற்றப்பத்திரிகை, இது 2004-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போட்ட வாக்குகளுக்கான லஞ்சம் என்றது. கான்ககாஃபின் முன்னாள் பொதுச் செயலாளர் சக் பிளேஸர் அமெரிக்க நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டும் இருந்தார். தென்னாப்பிரிக்க அரசு இன்றுவரை லஞ்சம் என்பதை மறுக்கிறது, வார்னரும் மறுத்தார்.

லஞ்சமா தானமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தணிக்கைக்காரனுக்கு உறுத்துவது வேறு. ஃபிஃபாவின் சொந்த விளக்கப்படி இது தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்ட திட்டம். அரசு தன் கருவூலத்திலிருந்து நேராகக் கொடுத்திருந்தால் பட்ஜெட்டில் ஒரு செலவாக வந்திருக்கும், தலைமைத் தணிக்கையாளர் கண்ணில் பட்டிருக்கும், ஏதாவது எம்.பி. எழுந்து கேட்டிருப்பார். வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டதால் நாட்டின் எந்தப் பேரேட்டிலும் அது பளிச்சென்று தெரியவில்லை. வரவைக் குறைத்துக் காட்டி அதற்குள் செலவைப் புதைப்பது பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து சூரிச் வரை ஒரே டெக்னிக்.

வார்னர் பெயர் ஆஸ்திரேலியாவிலும் வரும். 2022 போட்டியைப் பெற ஆஸ்திரேலிய அரசு 4.56 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. அந்த முயற்சிக் காலத்தில் டிரினிடாட்டில் ஒரு ஸ்டேடிய மேம்பாட்டுக்கு என்று ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அனுப்பினார்கள். அதை வார்னர் முறைகேடாக எடுத்துக்கொண்டார் என்று கான்ககாஃபின் சொந்த விசாரணைக் குழு 2013-ல் சொன்னது. 2010 டிசம்பர் 2 வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு.

உள்ளிருந்து ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உறுப்புச் சங்கங்கள் 211. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஜெர்மனிக்கும் ஒன்று, சில ஆயிரம் பேர் வாழும் மாண்ட்செராட் தீவுக்கும் ஒன்று. 2023-26 காலத்தில் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை கிடைக்கும். 2016 பிப்ரவரியில் தலைவர் தேர்தலில் பேசிய ஜியானி இன்ஃபான்டினோ, ஃபிஃபாவின் பணம் தலைவரின் பணம் இல்லை, உங்கள் பணம் என்று சொன்னபோது அரங்கத்தில் கைதட்டல் எழுந்தது, ஜெயித்தார். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழை நாட்டுச் சங்கம் பலவற்றுக்கு மைதானத்தில் புல் வளர்வதே அந்தப் பணத்தால்தான். ஆனால் அந்தப் புல்லுக்கான தண்ணீர் பிரேசில், தென்னாப்பிரிக்க வரிதாரர்களின் குழாயிலிருந்து வருகிறது என்பதை வாங்குகிறவர்கள் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் கையில்தான் ஓட்டும் இருக்கிறது.

மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. 2026 போட்டிக்கான பட்டியலிலிருந்து சிகாகோ 2018 மார்ச்சில் விலகியது. முக்கியமான பல விஷயங்களில் ஃபிஃபா எந்தத் தெளிவும் தரவில்லை, அந்தச் சுமையை வரிதாரர்கள் மேல் ஏற்ற முடியாது என்றது மேயர் அலுவலகம். அதே நாட்களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், நினைத்தபோது ஃபிஃபா மாற்றிக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொன்னதால் வான்கூவர் விலகியது. நிரப்பாத காசோலை என்றார் அப்போதைய மாகாண முதல்வர் ஜான் ஹோர்கன்.

பாராட்டத் தோன்றுகிறது, இல்லையா? 2021-ல் மாண்ட்ரியால் விலகியதும் காலியான இடத்துக்கு அதே மாகாணம், அதே முதல்வர் தலைமையில், வான்கூவரை மறுபடி கொண்டுவந்தது. 2022-ல் சொன்ன மதிப்பீடு 24 முதல் 26 கோடி கனடிய டாலர். 2024 ஏப்ரலில் 48.3 முதல் 58.1 கோடி. 2025-ல் 53.2 முதல் 62.4 கோடி. ஆட்டங்கள் ஏழு. டொரண்டோவின் மதிப்பீடு 38 கோடி, ஆட்டங்கள் ஆறு. அதாவது தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றுக்கு 6.3 கோடி கனடிய டாலர். டிக்கெட், டிவி, பெரிய ஸ்பான்சர் வருமானம் எதிலும் நகரத்துக்குப் பங்கு இல்லை. ஹோட்டல் அறைகள் நிரம்பும், சுற்றுலா வளரும் என்ற நம்பிக்கைதான் வரவுப் பக்கத்தில். நம்பிக்கையை வவுச்சர் இல்லாமல் வரவு வைக்க எங்கள் தொழிலில் அனுமதி கிடையாது.

உங்கள் கடைசிக் கேள்வி, கணக்குக் கேட்க முடியாதா என்பது. தன் பணத்துக்கு அரசு கணக்குக் கேட்கலாம். ஸ்டேடியம் கட்டிய கம்பெனியைக் கேட்கலாம், பிரசீலியாவில் செய்தது போல முன்னாள் ஆளுநரைக்கூடக் கைது செய்யலாம். ஆனால் உள்ளூர்க் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகத்தில் அரசோ நீதிமன்றமோ கை வைத்தால் ஃபிஃபா "மூன்றாம் தரப்புத் தலையீடு" என்று சொல்லித் தடை போடும். இலங்கையின் சங்கத்துக்கு 2023 ஜனவரியில் இந்தக் காரணத்தால்தான் தடை வந்தது. இந்த விதி எப்போதும் கெட்டது என்று சொல்ல முடியாது. அமைச்சர் தன் மைத்துனரைத் தலைவராக்கித் தேசிய அணியைப் பந்தாடுவதைத் தடுப்பதும் இதே விதிதான். ஆனால் பணம் வாங்கும்போது மட்டும் அரசு மூன்றாம் தரப்பு ஆகாது.

இந்தியாவில் 2022-ல் நடந்ததைத் தேதி வாரியாக அடுக்கினால் போதும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நிர்வாகத்தை அகற்றி, ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தது. ஆகஸ்ட் மத்தியில், இந்தியா சுதந்திரத்தின் 75 ஆண்டு கொண்டாடிய அதே நேரத்தில், ஃபிஃபா தடை போட்டது. அக்டோபரில் நாம் நடத்தவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை கையை விட்டுப் போகும் நிலை. மத்திய அரசே நீதிமன்றத்தில் போய்க் கேட்டுக்கொள்ள, நிர்வாகக் குழு கலைக்கப்பட்டது. ஆகஸ்ட் 26-ல் தடை நீங்கியது. மூன்று வாரம் ஆகவில்லை, செப்டம்பர் 14 அன்று மத்திய அமைச்சரவை கூடி, அதே போட்டிக்கான அரசு உத்தரவாதங்களில் கையெழுத்திட ஒப்புதல் கொடுத்தது. கூடவே 10 கோடி ரூபாய். எதற்கு என்று அரசுக் குறிப்பிலேயே இருக்கிறது: மைதானப் பராமரிப்பு, ஸ்டேடியத்துக்கு மின்சாரம், கேபிள், அப்புறம் ஸ்டேடியத்திலும் பயிற்சி மைதானங்களிலும் போட்டியின் பெயர்ப் பலகைகளும் விளம்பர அலங்காரமும்.